அழுகிய இலை நீக்கப்பட்டது

எனக்குக் கோபம் அதிகம். இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் பம்பாய் முழுக்க இருக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தினேன். ‘பூவின் பாகங்கள்’ என்ற பாடம் வரும்போது மட்டும் என் குரல் தானாக ஏறும், இரண்டு மூன்று சாக்பீஸ் உடையும். பிள்ளைகள் ஏனென்று தெரியாமல் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். காரணம் ஒரு பூ. அந்தப் பூவைவிட நான். என்னைவிட இன்னொருவர். மூன்று பேர் மீதும் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தேன். (அந்த ‘முதல் வகுப்பு’ என்பதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. மற்றபடி எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.) என் அண்ணன் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். முதல் மாடியில் இரண்டு அறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போக வேண்டிய ஒரு பால்கனி. அண்ணன் சொல்லி வைத்துத்தான் மாதுங்காவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்புகளைக் கவனிக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. தற்காலிகம், ஒரு வருஷம்.

அம்மா என்னைப் பம்பாய்க்கு ரயிலேற்றியபோதே ஒரு நிபந்தனையும் ஏற்றி அனுப்பினாள். மார்ச்சுக்குள் வேலை நிரந்தரமானால் நான் அங்கேயே இருக்கலாம். ஆகாவிட்டால் ஊருக்கு வந்து மாமா மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாமா மகனுக்கு ரைஸ் மில் இருந்தது, மீசை இருந்தது, அபிப்பிராயங்களும் இருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போவது நம் குடும்பத்துக்கு ஆகாது என்று அண்ணனுக்கு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதியிருந்தார். எனக்கு எழுதவில்லை. நான் அதைப் படித்தேன். (படிக்கக் கொடுக்கவில்லை. படித்தேன்.) அன்றிலிருந்து காலண்டரில் மார்ச் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் சேஷாத்ரி சார். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. அவருடைய உயிர் துறை வராந்தாவில் இருந்த கண்ணாடித் தொட்டியில் இருந்தது. ஆறடி நீளத் தொட்டி. மீன்கள் பெயருக்குத்தான். முக்கியம் செடிகள். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். கறுப்பு மசியில், அச்சடித்தது மாதிரி, அவர் கையாலேயே எழுதி வார்னிஷ் பூசியது. வருஷா வருஷம் பிள்ளைகள் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று படம் வரைந்து, அட்டையில் இருப்பதைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

இடது மூலையில் நாடா மாதிரி நீள இலைகளோடு ஒரு செடி. அட்டை, ‘வாலிஸ்னேரியா’ என்றது.

ஜூலை மாதம் ஒரு பிராக்டிகல் வகுப்பில் அந்த மூலையைச் சுத்தம் செய்யக் கையை விட்டேன். அடியில் விரல் தடிமனில் கிழங்கு மாதிரி தட்டுப்பட்டது. இலையைத் தடவினால் நடுவில் நரம்பு தடிப்பாக ஓடியது. வாலிஸ்னேரியாவுக்கு இப்படி இராது. இதை ஒரு நல்ல பிள்ளை என்ன செய்திருக்கும்? வகுப்பு முடிந்த பிறகு சாருடைய அறைக்குப் போய், “ஒரு சந்தேகம் சார்” என்று ஆரம்பித்திருக்கும். முதல் வகுப்பு ரூபி என்ன செய்தாள்? நாற்பது பிள்ளைகள் நடுவில், முழங்கை வரை தண்ணீர் சொட்ட, “சார், இது வாலிஸ்னேரியா இல்லை” என்று வராந்தாவின் மறுகோடிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

சேஷாத்ரி சார் கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படியானால் இது என்ன என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. நம் ஊர்க் குளங்களில் கிடக்கும் கொட்டிக்கிழங்கு வகை என்று அடித்துச் சொன்னேன். நாடா இலை, நடு நரம்பு, அடியில் கிழங்கு, எல்லாம் பொருந்தியது. தண்ணீர்ச் செடிகளுக்கு இலையை வைத்துப் பெயர் சொல்லக்கூடாது, ஆழத்துக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி இலை மாறும், பூ ஒன்றுதான் பொய் சொல்லாது என்று அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். (அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.) பிறகு என்னிடம் சொன்னார்.

“பூவைக் காட்டும்மா. ஜனவரி எக்ஸிபிஷனுக்குள்ள பூவைக் காட்டினா, நானே என் கையால அட்டையை மாத்தறேன். உன்னைப் பத்தின ரிப்போர்ட்டும் அதுக்கப்புறம்தானே அனுப்பணும், பார்க்கலாம்.”

அந்த ரிப்போர்ட்டில்தான் என் வேலை இருந்தது. வேலையில்தான் மார்ச் இருந்தது. மார்ச்சில் மாமா மகன் இருந்தார். ஆக, ஒரு செடி பூப்பதில் என் தலையெழுத்து வந்து நின்றது.

நூலகத்தில் தொட்டிச் செடிகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம். தண்ணீருக்குள் மூழ்கியே கிடந்தால் பல செடிகள் பூக்காது, சேற்றில் நட்டு, வேர் மட்டும் நனையத் தண்ணீர் வைத்து, இலைகளை வெளியே விட்டால் பூக்கும், ஒவ்வொரு வகையின் பூவும் எப்படி இருக்கும் என்பதை அடுத்த பக்கப் படங்களில் காண்க என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பக்கம் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் பரீட்சைக்கு முன்னால் பிளேடால் சுத்தமாக அறுத்துக்கொண்டு போயிருந்தான். (புண்ணியவதியாகவும் இருக்கலாம். நான் இருவரையும் சமமாகவே திட்டுகிறேன்.) இன்றைக்கும் நூலகப் புத்தகத்தில் ஒரு பக்கம் குறைந்தால் நூலகரிடம் சண்டைக்குப் போய்விடுவேன். அன்று அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கொட்டிப் பூ எனக்குத் தெரியாதா? தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் கதிர். அது வந்தால் போதும்.

அண்ணன் தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவிலிருந்து அகலமான மண்தொட்டி ஒன்று வாங்கிவந்தான். கல்லூரித் தோட்டக்கார மாலியிடம் மண் கேட்டு வாங்கினேன். துறையின் கண்ணாடித் தொட்டிச் செடியிலிருந்து ஒரு கிழங்கைப் பிரித்து, குழைத்த சேற்றில் நட்டு, பால்கனியில் வைத்தேன். மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, அப்போதே பிடிக்கவில்லை. பால்கனியில் துணி காயப்போட வேண்டும். பூ வந்தால் தலையில் வைக்கலாமா என்று கேட்டாள். இது ஆராய்ச்சி என்றேன். அப்படியானால் எதற்கு என்று கேட்டாள். மழை நின்ற பிறகு சண்டை தண்ணீருக்கு மாறியது. காலையில் ஒரு மணி நேரம்தான் குழாய் வரும். குடிக்கவே போதாத தண்ணீரில் நான் ஒரு செம்பு சேற்றுக்கு ஊற்றுவதை அவள் ஒவ்வொரு நாளும் நின்று பார்ப்பாள். பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

எங்கள் துறையில் ரெக்கார்டு நோட்டு என்று ஒரு வழக்கம். பார்த்ததை எல்லாம் பென்சிலால் வரைந்து, அளவு எழுதி, பாகங்களைக் குறித்து, சனிக்கிழமை தோறும் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் வரைவதில் கெட்டிக்காரி. சேஷாத்ரி சார் கையெழுத்துப் போடுவதில் கெட்டிக்காரர். யாருடனாவது பேசிக்கொண்டே, நோட்டைப் பாராமல், பேனா தானாகப் போய்ச் சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்.

ஆகஸ்டில் மைனி முழுகாமல் இருப்பது தெரிந்தது. அதோடு அவள் மூக்கும் கூர்மையாகிவிட்டது. கீழ் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பதை எண்ணெய் காயும்போதே சொல்வாள். ஒரு நாள் காலை எழுந்ததும் எலி செத்துக் கிடக்கிறது என்றாள். அண்ணனுக்கும் எனக்கும் எந்த நாற்றமும் தெரியவில்லை.

“எங்கயோ எலி செத்துக் கெடக்கு. ஒங்களுக்கெல்லாம் மூக்கு எதுக்கு, மொகத்துக்கு அழகுக்கா வச்சிருக்கிய?” என்று சொல்லிவிட்டு வாந்தியெடுக்க ஓடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனைக்குப் போகவில்லை, எலியைத் தேடினோம். பீரோவை நகர்த்தினோம். டிரங்குப் பெட்டிகளைத் திறந்தோம். அண்ணன் அரிசி மூட்டையைப் பாயில் கொட்டி அள்ளினான். பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் வீட்டில் எலி செத்திருக்கிறதா என்று ஹிந்தியில் விசாரிக்கப்போய், அவர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. கடைசியில் மைனியே மூக்கைப் பொத்திக்கொண்டு அறை அறையாகப் போய், பால்கனியில் என் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

குனிந்து பார்த்தேன். இலைகளின் நடுவில், சேற்றை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒன்று நின்றது. பழுப்பும் கத்தரிப்பூ நிறமும் கலந்து, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு. மூக்கை ஒட்டி வைத்தால் லேசாக நாறியது. விரியாமலே அழுகிப்போன குருத்து என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. (எனக்கு எல்லாமே பார்த்தவுடன் தெரியும்.) கிள்ளி எடுத்தேன். விஞ்ஞானி அல்லவா, அப்படியே எறிந்துவிடவில்லை. படம் வரைந்தேன். பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். அடியில் ஒரு சின்ன அறை, அதற்குள் கடுகைவிடச் சின்ன ஈக்கள் மாட்டிக் கிடந்தன. அழுகல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அறையின் அடியில் வட்டமாக ஒட்டியிருந்த சின்னச் சின்ன மணிகளையும் அளந்து, ‘பூச்சி முட்டைகள்’ என்று அம்புக்குறி போட்டுக் குறித்தேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். தமிழில் சொன்னால், ‘அழுகிய இலை நீக்கப்பட்டது. செடி நலம்.’ சனிக்கிழமை சேஷாத்ரி சார் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம், “ஏட்டி ரூபி, மறுபடியும் எலி” என்றாள் மைனி. போய்க் கிள்ளினேன், வரைந்தேன், எழுதினேன், கையெழுத்து வாங்கினேன். பூச்சி முட்டைக்கு மருந்தாகப் புகையிலையை ஊறவைத்துத் தெளித்தேன். அந்த நாற்றத்துக்கு மைனி இரண்டு நாள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அக்டோபரில் ஒன்று. நவம்பரில் இரண்டு. டிசம்பரில் இரண்டு. மொத்தம் ஏழு. ஏழும் அழகழகான படங்கள். கிள்ளிவிட்டு நிமிர்ந்து, வெள்ளைக் கதிர் வருகிறதா என்று தினமும் அந்தச் செடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரூபியை இப்போது கண்டால் இரண்டு அறை அறைவேன்.

டிசம்பர் முடியப்போகிறது, பூ இல்லை. ராத்திரி தூக்கம் போயிற்று. ரைஸ் மில் சத்தம் செம்பூர் வரைக்கும் கேட்பதாகத் தோன்றியது. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. பூவைக் காட்ட முடியாவிட்டால் என்ன, ஏன் பூக்கவில்லை என்று விஞ்ஞான முறையில் காட்டிவிட்டால் அதுவும் ஆராய்ச்சிதானே? மூன்று பக்கக் கட்டுரை எழுதினேன். ‘பம்பாய்ச் சூழலில் நீர்ச்செடிகள் பூவாமை.’ கடல் காற்றின் உப்பு, செம்பூர்ப் புகை, குழாய்த் தண்ணீரின் குளோரின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஐந்து மாதக் கூர்ந்த கவனிப்பின் முடிவு என்று கடைசியில் எழுதியிருந்தேன். கூர்ந்த. அந்தச் சொல்லை நானேதான் எழுதினேன், யாரும் வற்புறுத்தவில்லை.

சேஷாத்ரி சார் தலைப்பைப் படித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். கண்காட்சியின் முதல் நாளே விருந்தினர் முன்னால் இதை வாசிக்கச் சொன்னார். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். பூ இல்லையென்றால் அவர் அட்டை அப்படியே இருக்கும் என்பது டீ குடித்து முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வரும் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவனும் அம்மாவுக்கு எழுதிவிட்டான்.

கண்காட்சி அன்று மண்தொட்டியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, லேடீஸ் பெட்டியில் எல்லோருடைய சேலையிலும் சேற்றைப் பூசி, மாதுங்கா போய்ச் சேர்ந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பார்த்தேன், நடுவில் எட்டாவது ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கிள்ள நேரமில்லை. கல்லூரியில் போய்க் கிள்ளலாம் என்று இருந்தேன், அங்கேயும் நேரம் கிடைக்கவில்லை. அவசரத்தில் ஒரு சாக்கை மேலே சுற்றி மறைத்துவைத்தேன், வருகிறவர்கள் அழுகலைப் பார்த்துவிடக் கூடாதே என்று.

விருந்தினராகக் கல்கத்தாவிலிருந்து ஒரு அம்மையார் வந்திருந்தார். நீர்ச்செடிகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். வெள்ளைக் கைத்தறிச் சேலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வராந்தாவில் அறுபது பேர் இருப்பார்கள். நான் கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். குளோரின் பத்தியில் ஒரு இடத்தில் கையைக்கூட உயர்த்தினேன். கைதட்டினார்கள். அம்மையார் செடியைப் பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், சாக்கைத் தாமே விலக்கினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு என் ரெக்கார்டு நோட்டைக் கேட்டார்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இப்படி எத்தனை அழுகல் இலைகளை எடுத்தாய் என்று கேட்டார். ஏழு என்றேன், பெருமையாக. எல்லாம் முறுக்கியிருந்தனவா? ஆமாம். உள்ளே கத்தரிப்பூ நிறமா? ஆமாம். ஒவ்வொன்றிலும் ஈ இருந்ததா? ஆமாம், முட்டைகளும் இருந்தன, வட்டமாக, படத்தில் குறித்திருக்கிறேன் என்றேன். அவர் நோட்டை மெதுவாக மூடினார். சிரிக்கவில்லை. என்னிடம் மட்டும் சொல்வது மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார். ஆனால் வராந்தா அவ்வளவு அமைதியாக இருந்தது.

“ஏழு முறை பூத்திருக்கிறது, அம்மா. இது எட்டாவது.”

வாலிஸ்னேரியாவும் இல்லை, கொட்டியும் இல்லை, க்ரிப்டோகோரைன் என்றார். சேம்புக் குடும்பம். முறுக்கிய அந்தப் பழுப்புச் சுருள்தான் பூவின் மடல். லேசான நாற்றம் ஈயை அழைக்க. மாட்டிய ஈக்கள் அழுகலைத் தின்ன வந்தவை அல்ல, மகரந்தம் சுமக்க வந்தவை. வட்டமாக இருந்த பூச்சி முட்டைகள் என்று நான் குறித்தவைதான் பெண்பூக்கள். நான் அந்தப் பூவைக் கிள்ளிப் போட்டதோடு நிற்கவில்லை, அதன் மேல் புகையிலைத் தண்ணீரும் தெளித்திருக்கிறேன். கடைசி வருஷப் பரீட்சையில் சேம்பின் பூ பற்றிப் பத்து மார்க் கேள்விக்குப் படத்தோடு பதில் எழுதியவள் நான். பத்துக்கு ஒன்பது.

முதலில் சிரித்தது சேஷாத்ரி சார். பிறகு அறுபது பேரும். கேட்காதவர்களுக்கும் அவரே திரும்பத் திரும்பச் சொன்னார், எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் பூவை எல்லாம் கிள்ளிவிட்டுப் பூக்கவில்லை என்று கட்டுரை வாசிக்கிறாள் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன். நான் செய்ததற்கு அது வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அப்போது என் கண் தற்செயலாகப் பெரிய தொட்டியின் இடது மூலைக்குப் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் அந்த அட்டை. ‘வாலிஸ்னேரியா.’ வருஷக் கணக்காக ஒட்டியிருக்கிறது. வருஷக் கணக்காகப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தப்பாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவர் சிரிக்கவில்லை. இது வாலிஸ்னேரியா இல்லை என்று ஜூலையிலேயே சொன்னவளைப் பார்த்து அறுபது பேர் சிரிக்கிறார்கள். எனக்குள் வெட்கம் எல்லாம் வடிந்துபோய்ச் சுத்தமான கோபம் மட்டும் நின்றது. இன்று வரை அதே கோபம்தான், புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

“சார், பூவைக் கிள்ளினது நான். அது தப்பு. ஆனா ஏழு படத்துக்குக் கீழேயும் உங்க கையெழுத்து இருக்கு. படத்தைப் பார்த்துட்டுத்தானே போட்டீங்க? அந்த அட்டையை மாத்துங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. அம்மையார் மறுபடியும் நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருந்த கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், ஏழையும் பார்த்து முடித்தார். இந்தப் படங்கள் மிகச் சரியானவை, பூவே இல்லாமல் இவற்றை வைத்தே பெயர் சொல்லியிருப்பேன் என்று சொல்லி நோட்டை என் கையில் கொடுத்தார். அட்டையை மாற்றிவிடலாமே என்று சாரிடம் சொன்னார். கண்டிப்பாக, கண்டிப்பாக என்றார் சார். எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கு வரவில்லை.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் போயிற்று. கவனக்குறைவு, மூத்தவர்களிடம் மரியாதைக் குறைவு. இரண்டும் உண்மை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. மார்ச்சோடு வேலை இல்லை என்று காகிதம் வந்தது. அட்டை மாறவில்லை.

அன்று வீட்டில் அண்ணன் என் ரெக்கார்டு நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக மைனிக்குத் தமிழில் படித்துக் காட்டினான். அழுகிய இலை நீக்கப்பட்டது. அழுகிய இலை நீக்கப்பட்டது. மைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“அப்பம் நான் இத்தன மாசமும் பூவ மோந்தா வாந்தியெடுத்தேன்?” என்று கேட்டாள்.

சிரித்து முடித்த பிறகு அண்ணன் முகம் மாறியது. அம்மாவுக்கு எழுத வேண்டும், டிக்கெட் எடுக்க வேண்டும் என்றான். நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தேன். அப்போது மைனி சொன்னாள்.

“டிக்கெட்டு எல்லாம் ஒண்ணும் எடுக்காண்டாம். மார்ச்சில எனக்குப் பிள்ள பொறக்கும். காலைல கொழாய்ல தண்ணி பிடிக்க யாரு, நீங்களா எந்திப்பிய? அவ இருக்கட்டும். மழைக்கு முன்ன பாத்துக்கிடலாம்.”

பாசத்தில் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் சொன்னவள் அவள்தான். அம்மாவுக்கு அப்படியே எழுதினோம். மாமா மகனால் மழை வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு வேறு இடத்தில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மேஜையில் வைத்து, “அழுகிய இலை நீக்கப்பட்டது. செடி நலம்” என்றான். ஜூனில் தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாளே நான் போட்ட சட்டம், பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் ஒரு வரியையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும்.

(இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடைகளில் வயிற்றுக் கோளாறுக்கு நாட்டு அதிவிடயம் என்று ஒரு கிழங்கு விற்பார்கள். அது இந்தச் செடியின் கிழங்குதான் என்று வெகு காலம் கழித்துத் தெரிந்தது. மாதுங்கா மார்க்கெட்டில் அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் கல்லூரிக்குப் போனேன்.)

அந்த வரி எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. மாவு புளித்துப்போனால், பல் விழுந்தால், அண்ணனுடைய மேலதிகாரிக்கு மாற்றல் வந்தால், எதற்கும் அதே வரிதான். எனக்கு வந்த மாப்பிள்ளைகளை நான் வேண்டாம் என்றபோதெல்லாம் மைனி, “முந்தி நல்லா மோந்து பாரு, அப்புறம் கிள்ளு” என்பாள். கடைசி வரைக்கும் கிள்ளிக்கொண்டேதான் இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்த மார்ச்சிலேயே மைனிக்குப் பெண் பிறந்திருந்தது. ஷீலா. வயிற்றில் இருந்தபோதே தாயின் மூக்கு வழியாக ஏழு பூக்களையும் மோந்து பார்த்த பிள்ளை. அவள் பெரியவளாகி அதே கல்லூரியில் சேர்ந்தாள். தாவரவியல் இல்லை, கணக்கு. முதல் வாரமே சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள். துறை வராந்தாவில் அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது, அத்தை சொன்ன மூலையில் அதே செடி இருக்கிறது என்றாள். சேஷாத்ரி சார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. பிறகு புத்தகத்துக்குள்ளிருந்து ஓரம் கிழிந்த, மஞ்சளேறிய ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். கறுப்பு மசி, அச்சடித்தது மாதிரிக் கையெழுத்து. வார்னிஷ் அங்கங்கே உரிந்திருந்தது.

“அழுகின இலை ஒண்ணு நீக்கியாச்சு, அத்தை. ப்ளான்ட் ஏக்தம் நலம்” என்றாள், ஹிந்தி கலந்த தன் பம்பாய்த் தமிழில்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்லூரிப் பொருளை உரித்துக்கொண்டு வரலாமா என்று ஒரு ஆசிரியை கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. பெட்டியிலிருந்து பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். ஏழாவது படத்துக்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது. அட்டையை அதில் ஒட்டி, நீளம் அகலம் அளந்து எழுதி, தேதி போட்டு, கீழே அதே வரியை எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தை ஷீலாவுக்குக் காட்டினேன்.

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் படித்தாள். பிறகுதான் போட்டாள்.